அந்நியப் பிரஜை, வயது ஆறு

போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைப்பதற்குள் அலறல் வந்து விழுந்தது.

"சேச்சீ...! என் மோளைக் கொண்டு போயிட்டான்...! வீடெல்லாம் ரத்தம் சேச்சீ...!"

வக்கீல் அமுதவள்ளி கையிலிருந்த சாயா கிளாஸை மேஜையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சாயா கேஸ் கட்டின் மேல் போனது.

"சுமா...! யாரு கொண்டு போனா? ஹென்ரிக்கா?"

"வேற யாரு...? அவன்தான்...! கத்தியக் காட்டி... என் கையைக் கிழிச்சு... தன்யாவை..."

லைன் அறுந்தது.

காலை மணி ஒன்பது பத்து. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல் மாடியில் இருக்கிறது அமுதவள்ளியின் ஆபீஸ். கொச்சியில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் கல்யாணம் முறிந்தாலும் சரி, விசா முடிந்தாலும் சரி, முதலில் ஏறுவது அந்த மரப்படியில்தான்.

"இசக்கிராஜா அண்ணே! ஸ்கூட்டர் சாவி எங்கே?"

குமாஸ்தா இசக்கிராஜா தலையைத் தூக்கினார். தென்காசிப் பக்கத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. கொச்சிக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சில் ஊர் வாடை போகவில்லை.

"கையிலதான வச்சிருக்கீய வக்கீலம்மா!"

ஆமாம். கையில்தான் இருந்தது!

அமுதவள்ளி படிகளில் தடதடவென்று இறங்கினாள். இசக்கிராஜா வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சுமா யார், ஹென்ரிக் யார் என்கிறீர்களா? ஸ்கூட்டர் பாலஸ் ரோட்டைத் தொடுவதற்குள் சொல்லிவிடலாம்.

சுமா மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா கார்ப்பரேஷனில் குழாய் ரிப்பேர் பார்த்தவர். சுமா ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றாள். அங்கே தங்க வந்த டென்மார்க்காரன் ஹென்ரிக்கைக் காதலித்தாள். கல்யாணம் செய்து கோபன்ஹேகன் போனாள். அங்கேதான் தன்யா பிறந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளாமல் மூன்று வருடம் முன்பு புருஷனையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தாள்.

வந்த இடத்தில் காதல் கசந்தது. ஹென்ரிக் தனி அறை பார்த்துப் போனான். தன்யா யாருக்கு என்பது குடும்பக் கோர்ட்டுக்குப் போனது.

இன்று மதியம் மூன்று மணிக்குத் தீர்ப்பு!

ஹென்ரிக் இந்தியாவில் இருப்பது பெண்டாட்டி வழியாகக் கிடைத்த விசாவில். நீட்டிக்க அவள் கையெழுத்து வேண்டும். சுமா மாட்டேன் என்றுவிட்டாள். விசா இன்றோடு முடிகிறது. பெட்டி கட்ட வேண்டிய ஆளிடம் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று கோர்ட்டில் முழங்கியது சுமாவின் வக்கீலான நம் அமுதவள்ளிதான்.

ஆனால் போன வாய்தாவில் நீதிபதி தன்யாவையே கூப்பிட்டுக் கேட்டார், யாருடன் இருக்க வேண்டும் என்று.

"அப்பா கூட," என்றது குழந்தை. யோசிக்கவேயில்லை!

அன்றையிலிருந்து சுமாவுக்குத் தூக்கம் போனது.

வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே ஹாலில் ஒரு சின்ன நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அலமாரி திறந்திருந்தது. தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்... அலமாரியிலிருந்து வாசல் வரை!

சுமா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கையில் துப்பட்டா சுற்றியிருந்தது. துப்பட்டாவிலும் சிவப்பு.

"சேச்சி...!" அமுதவள்ளியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கோவிந்த் நோட்டுப் புத்தகத்தை மூடினான். பாலக்காட்டுக்காரன். தமிழ் அவனுக்கு வீட்டு மொழி.

"என்ன நடந்ததுன்னு வக்கீலுக்கும் ஒரு தடவை சொல்லுங்கோ."

"ஏழரை மணிக்கு மோளுக்குத் தலை சீவி விட்டுட்டிருந்தேன் சேச்சி. கதவைத் தள்ளிட்டு வந்தான். கையில கத்தி. நடுவுல விழுந்தேன். கையில ஒரே கிழி...! அலமாரியைத் திறந்து அவ பாஸ்போர்ட்டை எடுத்தான். தன்யாவை அப்படியே தூக்கிட்டு... அவ 'அம்மா அம்மா'ன்னு கத்தறா சேச்சி! நான் மயங்கிட்டேன். முழிச்சப்போ ஒன்பது மணி."

"கீழ் வீட்டுல யாரும் சத்தம் கேக்கலியா?"

"அவங்க வேளாங்கண்ணி போயிருக்காங்க."

அமுதவள்ளி கவிழ்ந்து கிடந்த சின்ன நாற்காலியைப் பார்த்தாள். ஆறு வயசுக் குழந்தை! தன்யா அவள் ஆபீஸ் படிகளில் எத்தனை தடவை குதித்து விளையாடியிருக்கிறாள்!

சுமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தம்பி ஜிதின். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன்.

"சேச்சி, நான் வல்லார்பாடத்துல லோடு ஏத்தற இடத்துல மாட்டிட்டிருக்கேன்! கூட்டுக்காரங்களை எல்லாம் தேடச் சொல்லிருக்கேன். அந்த வெள்ளைப் பன்னி கெடைச்சா அவனை உயிரோட விட மாட்டேன்!"

"ஏர்போர்ட்டுக்குச் சொல்லியாச்சா சாரே?" அமுதவள்ளி கோவிந்திடம் திரும்பினாள்.

"சொல்லியாச்சு. ஹார்பர், ரயில்வே ஸ்டேஷன்... எல்லா இடத்துக்கும் போட்டோ போயிருக்கு."

கோவிந்தின் வயர்லெஸ் கரகரத்தது. கேட்டான். முகம் மாறியது.

"ஆளு கெடைச்சுட்டான்!"

"குழந்தை...?"

கோவிந்த் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தான்.

ஸ்டேஷனில் ஹென்ரிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்து நாலு வயசு. நெடுநெடு உயரம். சாயாக்கடையில் புட்டு தின்றுகொண்டிருந்தவனை அப்படியே அள்ளி வந்திருந்தார்கள். சட்டையில் கடலைக்கறி. கையில் விலங்கு.

"குழந்தையைக் கடத்தினவன் சாவகாசமா புட்டு திங்கானே!" இசக்கிராஜா முணுமுணுத்தார்.

சுமா அவனைப் பார்த்ததும் பாய்ந்தாள். "எங்கேடா என் மோள்...? என்ன பண்ணினே அவளை...?"

ஒரு போலீஸ்காரி அவளைப் பிடித்து அடுத்த பெஞ்சில் உட்கார வைத்தாள்.

கோவிந்த் ஹென்ரிக்கின் பையை மேஜையில் கொட்டினான். இரண்டு சட்டை, வண்ணப் பென்சில் டப்பா, பாஸ்போர்ட். ஒரு விமான டிக்கெட். இன்று இரவு. கொச்சியிலிருந்து கோபன்ஹேகனுக்கு.

"ஒரு டிக்கெட்தான்!" கோவிந்த் குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு டிக்கெட், வக்கீல். குழந்தைக்கு இல்லை. வீட்டுல ரத்தம். குழந்தை எங்கேன்னு கேட்டா, 'எனக்குத் தெரியாது'ங்கறான். எனக்கு ஒண்ணுதான் தோணறது..."

"சொல்லாதீங்க சாரே!"

"காயல் தண்ணியில முங்கித் தேடற ஆளுகளை வரச் சொல்லிருக்கேன்."

காயல்! அமுதவள்ளியால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அறைக்குள் நாலு நடை நடந்தாள். திரும்பி நாலு நடை. டிக்கெட்டை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"இவன் வக்கீல் எங்கே?"

"கலூர் சிக்னல்ல நிக்கறாராம்."

"அப்போ இன்னிக்குள்ள வந்தா பாக்கியம்! நான் இவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"நீங்க எதிர்க்கட்சி வக்கீலாச்சே?"

"குழந்தை எந்தக் கட்சியும் இல்லை சாரே!"

கோவிந்த் தலையாட்டினான்.

அமுதவள்ளி ஹென்ரிக் முன்னால் நின்றாள். "தன்யா எங்கே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. அவனுடைய தமிழ் மகளிடம் கற்ற தமிழ். சிறுபிள்ளைத் தமிழ்.

"எனக்குத் தெரியலே. நான் வீட்டுக்குப் போகலே. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ஐஸ்கிரீம் வாங்கினேன். அவ்ளோதான்."

"டிக்கெட் எதுக்கு?"

"கோர்ட்டுல தோத்தா போகணும்ல? விசா இல்லே. நீதானே சொன்னே... பெட்டி கட்டுன்னு."

அமுதவள்ளிக்குச் சுருக்கென்றது.

"நீ என்னை நிறையத் திட்டின வக்கீல்," ஹென்ரிக் சொன்னான். "பரவாயில்லே. நீ கெட்டிக்காரி. தன்யாவைக் கண்டுபிடி. ப்ளீஸ். அப்புறம் திட்டு."

விலங்கு போட்ட கைகளைக் கூப்பினான்.

கொலைகாரன் இப்படிக் கும்பிடுவானா? கும்பிடலாம். இதைவிட நன்றாக நடித்தவர்களை எல்லாம் குடும்பக் கோர்ட்டில் பார்த்தவள் அமுதவள்ளி. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு ஓடுகிறவன் தனக்கு மட்டுமா டிக்கெட் போடுவான்? பாஸ்போர்ட்டை எடுத்தானாமே... குழந்தையின் பாஸ்போர்ட் எங்கே? பையில் இவன் பாஸ்போர்ட் மட்டும்தானே இருக்கிறது!

பாஸ்போர்ட்...

"சாரே!" அமுதவள்ளி கத்தினாள். மேஜை மேல் இருந்த பென்சில் டப்பா உருண்டது. "தன்யா எந்த நாட்டுப் பிரஜை?"

"டென்மார்க்..."

"அப்போ அவளும் வெளிநாட்டுக்காரி! சி ஃபாரம்! சி ஃபாரம் சாரே!"

"அது என்னத்த வக்கீலம்மா?" இசக்கிராஜாவுக்குத் தெரியும். உங்களுக்காகக் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவங்க யாரு வந்து தங்கினாலும், ஹோட்டலோ லாட்ஜோ ஹோம்ஸ்டேயோ, இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பேர் போட்டாகணும். இல்லன்னா வீட்டுக்காரன் மேல கேஸ். கொச்சியில ரூம் வாடகைக்கு விடறவங்களுக்கு அதுல உயிரே போகும்! ஹென்ரிக் யாராவது கூட்டாளியை வச்சு அவளை எங்கயாவது ஒளிச்சிருந்தா... அந்த வீட்டுக்காரன் சி ஃபாரம் போட்டிருப்பான்!"

"ஆறு வயசுக் குழந்தைக்குமா?"

"ஆறு மாசக் குழந்தைக்கும்!"

கோவிந்த் போனை எடுத்தான். அப்போதுதான் பெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"அவ ஒண்ணும் ஃபாரினர் இல்லை!"

சுமா எழுந்து நின்றிருந்தாள்.

"அவ என் மோள்! மட்டாஞ்சேரிப் பொண்ணு! மத்தி மீனெல்லாம் முள்ளோட திங்கற குட்டியை ஃபாரினர்ங்கறீங்களே! எதுக்குச் சேச்சி வேண்டாத இடத்துல எல்லாம் தேடறீங்க? இவனை அடிச்சுக் கேக்கச் சொல்லுங்க!"

"கேக்கலாம் மோளே. இதையும் பார்த்துடலாம். நீ உட்காரு."

"வருஷா வருஷம் வெளிநாட்டுக்காரங்க ஆபீஸ் போயி தன்யா பேரு எழுதறது நான்," ஹென்ரிக் மெல்லச் சொன்னான். "சுமா ஒரு தடவை கூட வரலே."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சுமா தலை சுற்றுகிறது, காற்று வேண்டும் என்று வராந்தாவுக்குப் போனாள். போனைக் கையோடு எடுத்துப் போனாள்.

பத்து நிமிடம்... பதினைந்து நிமிடம்... அமுதவள்ளி ஸ்டேஷனை நீளத்தில் அளந்து முடித்து அகலத்தில் அளந்துகொண்டிருந்தாள்.

வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலிருந்து கோவிந்தின் போனுக்குப் பதில் வந்தது.

"கெடைச்சுடுத்து!" கோவிந்த் எகிறினான். "கும்பளங்கி! ஒரு ஹோம்ஸ்டே. பேரு தன்யா, டென்மார்க் பாஸ்போர்ட், வயசு ஆறு!"

உயிரோடு இருக்கிறாள்! அமுதவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஹென்ரிக் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"இவனையும் ஏத்துங்கோ ஜீப்புல! ஒளிச்சு வச்ச இடத்தை இவனே காட்டட்டும்!"

"நானும் வரேன்!" சுமா ஓடி வந்தாள்.

"நீங்க காயத்தோட வேண்டாம். இங்கேயே இருங்கோ."

ஜீப் தோப்பும்படியைத் தாண்டிப் பறந்தது. முன்னால் கோவிந்த். பின்னால் ஹென்ரிக், ஒரு கான்ஸ்டபிள், அமுதவள்ளி. இடுக்கில் இசக்கிராஜா.

அமுதவள்ளி கோவிந்தின் போனை வாங்கிப் பார்த்தாள். சி ஃபாரத்தின் படம். பெயர், பாஸ்போர்ட் எண், விசா எண். அவள் வாழ்க்கையில் ஆயிரம் பார்த்திருப்பாள். கண் தானாகவே கீழே ஓடியது. வந்து சேர்ந்த தேதி... நேரம்...

நேற்று. மாலை ஆறு நாற்பது.

மறுபடி படித்தாள்.

நேற்று!

இன்று காலை ஏழரை மணிக்குத் தலை சீவிய குழந்தை, நேற்று மாலையே கும்பளங்கியில் எப்படி இருந்தாள்?

கத்தி, ரத்தம், மயக்கம், வேளாங்கண்ணி... எல்லாம் வரிசையாக நின்று அமுதவள்ளியைப் பார்த்துப் பல்லிளித்தன. இந்தச் சுமாவுக்காகவா ஒன்றரை வருடம் தொண்டை கிழியக் கத்தினாள்? இவளுக்காகவா எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை ஊரறிய அவமானப்படுத்தினாள்?

சுமா அவளுடைய கட்சிக்காரி. கட்சிக்காரியைக் காட்டிக்கொடுக்க வக்கீலுக்கு உரிமை இல்லை.

வராந்தாவுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போனாளே சுமா... யாரிடம் பேசினாள்? குழந்தையை இடம் மாற்றச் சொல்லியிருந்தால்...?

"கோவிந்த் சாரே."

"என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அந்த ஃபாரத்துல வந்த நேரத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க."

கோவிந்த் படித்தான். திரும்பி ஹென்ரிக்கைப் பார்த்தான். அடுத்த நொடி வயர்லெஸ்ஸில் அலறினான்.

"ஸ்டேஷன்! அந்தப் பொண்ணை வெளியே விடாதீங்கோ! போனை வாங்கி வையுங்கோ!" டிரைவர் தோளைத் தட்டினான். "எடோ, பறக்கட்டும்!"

கும்பளங்கிப் பாலம் கடந்து, இறால் வளர்க்கும் கெட்டுக் குளங்களுக்கு நடுவே ஒற்றையடி மண்பாதை. ஓட்டு வீடு. வாசலில் ஒரு பைக். வீட்டுக்காரி அம்மிணி முற்றத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஜீப்பைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சாரே, நான் ஃபாரம் போட்டுட்டேன் கேட்டோ! நேத்தைக்கே போட்டேன்! போன வருஷம் ஒரு வெள்ளைக்கார சாயிப்பு பேரைப் போட மறந்து ஸ்டேஷன் வராந்தால உட்கார்ந்தது போதும்! மாமன்காரன் 'நம்ம குட்டிதான் சேச்சி, ஒண்ணும் வேண்டாம்'னான். குட்டியே பையிலேருந்து எடுத்து நீட்டிச்சு... 'ஆன்ட்டி, எனக்குப் பாஸ்போர்ட் இருக்கே'ன்னு!"

"எந்த மாமன்?"

கெட்டுக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பதறிய குரல்.

"தன்யாஆஆ...! எடீ தன்யா...!"

ஜிதின்! வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிற அதே ஜிதின்! பக்கத்துத் தண்ணீரில் ஒரு படகு கட்டவிழ்ந்து நின்றது.

போலீஸைப் பார்த்தான். ஓடவில்லை. அதுதான் அமுதவள்ளியை நடுங்க வைத்தது.

"சாரே..." ஜிதினின் உதடு வெளுத்திருந்தது. "குட்டியைக் காணலை...! சத்தியமா காணலை! ஸ்டேஷன்லேருந்து சேச்சி போன்ல விளிச்சு, வள்ளத்துல அக்கரைக்குக் கொண்டு போன்னு சொன்னா. கூப்பிட வந்தேன். ஓடிட்டா! அரை மணிக்கூரா தேடறேன்...!"

மூன்று பக்கமும் தண்ணீர்! இறால் கெட்டு. ஆளை முழுக்கும் ஆழம்.

"அய்யோ பிள்ளே...!" இசக்கிராஜா தலையில் கை வைத்தார்.

கான்ஸ்டபிள் சட்டையைக் கழற்றினான். அமுதவள்ளி செருப்பை உதறிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். கட்டிலடி... இல்லை. குளியலறை... இல்லை. தென்னை மட்டைக் குவியல்... இல்லை!

"எதுக்கு ஓடினா? உன்னைக் கண்டு பயந்தா?" கோவிந்த் ஜிதினின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"பயம் இல்லை சாரே... விளையாட்டு... கண்ணாமூச்சின்னு சொல்லிதான் கொண்டு வந்தோம். மூணு மணி வரைக்கும் அப்பா கண்டுபிடிக்கலைன்னா நீ ஜெயிச்சேன்னு சேச்சி சொல்லிருந்தா. நான் வெளியே வான்னதும், 'மூணு மணி ஆகலையே, ஏமாத்தறே'ன்னு சொல்லிட்டு..."

அமுதவள்ளி நின்றாள். திரும்பினாள்.

"சாரே, ஹென்ரிக் விலங்கைக் கழட்டுங்க! இப்பவே!"

கழற்றினார்கள்.

"ஹென்ரிக், உன் பொண்ணு விளையாடிட்டிருக்கா. ஒளிஞ்சிருக்கா. நாம யாரு கூப்பிட்டாலும் வர மாட்டா. நீ கூப்பிடு!"

அவனுக்குப் புரிந்தது. நடு முற்றத்தில் போய் நின்றான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தன்யா...! அப்பா எல்லா இடமும் தேடிட்டேன்...! அப்பா தோத்துட்டேன்! நீ ஜெயிச்சாச்சு! வெளியே வா...!"

தண்ணீரில் ஒரு மீன் துள்ளியது. வேறு சத்தமில்லை.

"தன்யா...! அப்பா தோத்துட்டேன்டா...!"

இறால் தீனி வைக்கிற கொட்டகை. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு செம்பட்டைத் தலை எட்டிப் பார்த்தது.

"சத்தியமா தோத்துட்டியா?"

"சத்தியமா!"

"ஹைய்ய்...! நான் ஜெயிச்சேன்...!"

தவிடு பூசிய முகத்தோடு குதித்து ஓடி வந்தாள். ஹென்ரிக் அப்படியே மண்ணில் மண்டியிட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டான். அழுதான். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதான்.

"தோத்தா அழக்கூடாதுப்பா," என்றாள் தன்யா. "அடுத்த தடவை நீ ஒளிஞ்சுக்கோ."

இசக்கிராஜா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறால் தீனி தூசி கண்ணில் விழுந்ததாகச் சொன்னார். நம்பினவர் யாருமில்லை.

மதியம் மூன்று மணிக்குக் குடும்பக் கோர்ட்டில் அமுதவள்ளி எழுந்து இரண்டே வரி சொன்னாள். இனி சுமாவுக்காகத் தான் ஆஜராகப் போவதில்லை. மீதியை இன்ஸ்பெக்டர் சொல்வார்.

கோவிந்த் சொன்னான். நீதிபதி முழுதும் கேட்டார். குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்றார்.

மாலை நாலரை. ஸ்டேஷன்.

சுமாவின் கையில் புதுக் கட்டு. தன் கத்தியால் தானே கீறிக்கொண்டதாக ஒப்புக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி ஜிதின், தலை தொங்க.

"ஏன் மோளே இப்படிப் பண்ணினே?" அமுதவள்ளி கேட்டாள். கோபத்தை விட வருத்தம்தான் முன்னால் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா..."

"சொன்னா? நீங்க கோர்ட்டுல பேசுவீங்க. அவ 'அப்பா கூட'ன்னு சொன்னாளே... பெத்தவ நான் பக்கத்துல நிக்கறப்போ! உங்களுக்கு அது என்னன்னு தெரியுமா சேச்சி? கடத்தல்காரன்னு பேர் வந்தா அவனைத் துரத்திடுவாங்க. அப்புறம் காலத்துக்கும் இந்தப் பக்கம் வர முடியாது. அதான்!"

திடீரென்று சுமா சிரித்தாள்.

"ஆனா ஒண்ணு... ஜெயிச்சது நான்தான்!"

"என்னது?"

"அவன் விசா இன்னிக்கு ராத்திரி பன்னண்டு மணியோட தீருது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்! ஜெயில்ல போட்டாலும் போட மாட்டேன்! தீர்ப்புக் காப்பி டைப் அடிச்சு, சீல் குத்தி, கைக்கு வர எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அது கையில இல்லாம மோளை நாட்டை விட்டுக் கொண்டு போக முடியாது. நாளைக்குக் காலைல அவன் சட்டவிரோதமா தங்கின ஆளு. ப்ளேன் ஏத்தி விட்டுடுவாங்க. தன்யாவுக்கும் என் கையெழுத்து இல்லாம விசா இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவன் கைக்கு அவ சிக்க மாட்டா!"

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்தினான்.

ஹென்ரிக் வாசலில் நின்றிருந்தான். தோளில் தன்யா தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே முகத்தைக் கறுக்க வைத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டான்.

கோவிந்த் அமுதவள்ளியைப் பார்த்தான். "இவ சொல்றது நெசமா வக்கீல்?"

"நெசம்தான். பெண்டாட்டி கையெழுத்து இல்லாம பெண்டாட்டி விசா நீளாது."

அமுதவள்ளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவை நிதானமாக உட்காருகிறாள்!

"சாரே, இவ மேல எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?"

"போட்டாச்சு. பொய்ப் புகார், பொய் சாட்சி ஜோடிச்சது, எல்லாம் சேர்த்து."

"பாதிக்கப்பட்டது யாரு?"

"ஹென்ரிக்."

"முதல் சாட்சி?"

"ஹென்ரிக்தான்."

"அவரு இல்லாம கேஸ் நிக்குமா?"

"எப்படி நிக்கும்?" கோவிந்த் பாதியில் நிறுத்தினான். கண் விரிந்தது. "அடடே...!"

"கோர்ட்டுல கேஸ் உள்ள வெளிநாட்டுக்காரங்க அதை நடத்தி முடிக்க இங்கேயே தங்கறதுக்கு வேற வகை விசா இருக்கு சாரே. பெண்டாட்டி வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். காப்பியும், உங்க லெட்டரும் கொடுங்க. ஆறு மணிக்குள்ள நானே ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுடறேன். அவரு கூட இருக்கற குழந்தைக்கும் சேர்த்து."

சுமாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"சேச்சி...! எத்தனை நாளைக்கு அந்த விசா...?"

"கேஸ் முடியற வரைக்கும் நீட்டிச்சுக்கிட்டே போகலாம் மோளே."

"கேஸ் எப்போ முடியும்...?"

அமுதவள்ளி போனில் அப்ளிகேஷன் பக்கத்தைத் திறந்தாள். கோவிந்த் மேல்கூரையைப் பார்த்தான். கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டான்.

இசக்கிராஜாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதுக்கு ஏன் கவலப்படுதீய? வாய்தா வாங்குத வேலைய எங்கிட்ட விடுங்க... தன்யா பேரன் பேத்தி எடுக்குத வரைக்கும் இழுத்துருதேன்!"